ஆறு குளிர்காலம்தான்! ஐஸ் கட்டி மேல் ஹாக்கி ஆடும் பிள்ளைகள்

நோணாங்குப்பத்தில் ஐஸ் கட்டிக்கு என்ன வேலை?

மீன் பெட்டியில் போடலாம். சர்பத்தில் போடலாம். கல்யாண வீட்டில் குடிதண்ணீரைக் குளிர வைக்கலாம். கொஞ்ச நேரத்தில் அது உருகிப் போகும். அவ்வளவுதான்.

அந்த ஐஸ் கட்டி மேல் ஏறி நின்று ஓடலாம், ஹாக்கி ஆடலாம், நாட்டுக்குப் பதக்கம் வாங்கி வரலாம் என்று சொன்னால் சுண்ணாம்பாற்றங்கரைப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆனால் அது உண்மை. அப்படி ஆடுகிறவர்கள் வெளிநாட்டில் மட்டும் இல்லை, இந்தியாவிலேயே இருக்கிறார்கள். அதிலும் பெண் பிள்ளைகள் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரே ஒரு கஷ்டம்: விளையாட்டு மைதானம் இரண்டே மாதத்தில் உருகித் தண்ணீராகி விடுகிறது!

ஊருக்கு ஏற்ற ஆட்டம்

எந்த ஊர்ப் பிள்ளைகளும் தங்கள் ஊர் எதைக் கொடுக்கிறதோ அதில்தான் விளையாடுவார்கள்.

ஆற்றங்கரைப் பிள்ளை நீச்சல் பழகுவான். கடற்கரைப் பிள்ளை மணலில் பந்து உதைப்பான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இரும்புக் குண்டு எறியும் பெதாங்க் ஆட்டத்தை விட்டுப் போனார்கள். ஒரு மர நிழலும் கொஞ்சம் மண் தரையும் இருந்தால் போதும். இன்றும் அதை ஆடுகிறார்கள்.

குளம் குட்டையெல்லாம் உறைந்து கல்லாகி விடும் ஊரில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அந்தக் கல்லின் மேல் ஏறிச் சறுக்குவார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஐஸ் ஹாக்கி.

ஆட்டம் எப்படி?

நாம் அறிந்த ஹாக்கி புல்தரையில் ஆடுவது. அதில் பக்கத்துக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கியில் பக்கத்துக்கு 6 பேர். அதில் ஒருவர் கோல் கீப்பர்.

மைதானம் 60 மீட்டர் நீளம். சுற்றிலும் பலகைச் சுவர். தரை முழுவதும் ஐஸ். ஆட்டக்காரர்கள் அணியும் பூட்ஸுக்கு அடியில் கத்தி போன்ற உருக்குத் தகடு இருக்கும். அந்தத் தகட்டின் விளிம்பில் நின்றுதான் ஓடுவது, திரும்புவது, நிற்பது எல்லாம்.

பந்து கிடையாது. அதற்குப் பதில் கறுப்பு ரப்பர் வட்டு. அதன் பெயர் 'பக்'. அகலம் 3 அங்குலம். கனம் 1 அங்குலம். பார்ப்பதற்குக் கருப்பட்டி வட்டு மாதிரி இருக்கும். ஆட்டத்துக்கு முன் அதையும் குளிர வைத்து விடுவார்கள். இல்லாவிட்டால் அது துள்ளும்.

தேர்ந்த ஆட்டக்காரர் மட்டையால் ஓங்கி அடித்தால் இந்த வட்டு மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் பறக்கும். ஆகையால்தான் தலைக்கவசம், தோள் கவசம், முழங்கால் கவசம் என்று உடம்பெல்லாம் மூடிக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஆட்டம் மூன்று பகுதி. ஒவ்வொன்றும் 20 நிமிஷம். ஆனால் ஒரே ஆள் தொடர்ந்து ஆட மாட்டார். ஒரு நிமிஷத்துக்குள் களைத்து விடுவார். அவர் வெளியே வர, அடுத்தவர் உள்ளே பாய்வார். ஆட்டம் நிற்காமலே ஆள் மாறிக்கொண்டு இருக்கும்.

தப்பாட்டம் ஆடினால் தண்டனை உண்டு. இரண்டு நிமிஷம் தனிப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அவருடைய கோஷ்டி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும்!

ராணுவ பூட்ஸும் இரும்புத் தகடும்

இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தாய் வீடு லடாக்.

புதுச்சேரியைப் போலவே லடாக்கும் ஒரு யூனியன் பிரதேசம். 2019 அக்டோபர் 31 முதல் அப்படி ஆயிற்று. அதன் முக்கிய ஊர் லே. நோணாங்குப்பத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 2,400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்.

நோணாங்குப்பம் கடல் மட்டத்தில் இருக்கிறது. லே சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சு இழுத்தால், கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். புதிதாகப் போகிறவர்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளோ அங்கே ஹாக்கி ஆடுகிறார்கள்!

குளிர்காலத்தில் லேயில் தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே 20 டிகிரி வரை குளிர் இறங்கும். கர்சூ குளம் உறைந்து போகும். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடுவார்கள். பிள்ளைகள் மட்டையை எடுத்துக்கொண்டு குளத்துக்கு வந்து விடுவார்கள்.

அங்கு காவலுக்கு இருந்த ராணுவ வீரர்கள் 1970-களில் இந்த ஆட்டத்தை ஆடினார்கள். உள்ளூர் வாலிபர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆசை வந்தது. ஆனால் சறுக்கும் பூட்ஸ் வாங்க வழி இல்லை. என்ன செய்தார்கள்? பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக் கொண்டார்கள்!

அப்படி ஆரம்பித்த ஆட்டம் லடாக்கில் பரவியது. இன்று லேயிலும் கார்கிலிலும் கிராமங்களிலும் குளிர்காலம் வந்தால் ஹாக்கி வந்து விடுகிறது. இரவில் வயலிலோ மைதானத்திலோ தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். விடிவதற்குள் அது உறைந்து விடும். மறுநாள் இரவு அதன் மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக உறைய வைத்து மைதானம் செய்வார்கள். கொட்டும் குளிரில் இரவெல்லாம் கண் விழித்துச் செய்யும் வேலை இது.

1989-ம் ஆண்டில் இந்தியா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது. 2009-ல் இந்திய ஆண்கள் கோஷ்டி முதன்முதலாக வெளிநாட்டில் ஆடியது. எங்கே தெரியுமா? பாலைவன நகரமான அபுதாபியில்! அங்கே இயந்திரத்தால் உண்டாக்கிய ஐஸ் இருந்தது.

பெண்கள் வந்தார்கள்

முதலில் ஆண்கள்தான் ஆடினார்கள். அவர்கள் ஆடி முடித்த பிறகு மிச்சம் இருக்கும் நேரம் பெண்களுக்கு. அண்ணன் தம்பிகள் கழற்றிப் போட்ட பூட்ஸ்தான் அவர்களுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுப் போன பழைய கவசங்களை அணிந்துகொண்டார்கள்.

பெண்கள் விடவில்லை.

2016-ல் இந்தியப் பெண்கள் கோஷ்டி முதன்முதலாக ஆசியப் போட்டிக்குப் போனது. போட்டி நடந்த இடம் தைவான் நாட்டின் தைபே நகரம். பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். ரிஞ்சன் டோல்மா தலைவி. நூர்ஜகான் கோல் கீப்பர். கோஷ்டியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள்.

ஆடிய ஆட்டம் எல்லாம் தோல்வி!

ஏன்? மற்ற நாட்டுப் பெண்கள் வருஷம் முழுவதும் கூரை போட்ட மைதானத்தில் பழகியவர்கள். இவர்கள் குளத்தில் பழகியவர்கள்.

அடுத்த வருஷம் 2017. போட்டி பாங்காக் நகரத்தில் நடந்தது. பிலிப்பைன்ஸ் கோஷ்டியை இந்தியப் பெண்கள் 4-3 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தார்கள். சர்வதேசப் போட்டியில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி.

செய்தி கனடாவுக்கும் எட்டியது. பெண்கள் ஐஸ் ஹாக்கியில் உலகப் புகழ் பெற்றவர் ஹெய்லி விக்கன்ஹைசர் என்ற கனடா வீராங்கனை. 2018 ஜனவரியில் அவரே லடாக் வந்தார். குளத்தில் இறங்கிப் பிள்ளைகளோடு ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் இந்தியப் பெண்களைத் தம் நாட்டுக்கு அழைத்து ஆட வைத்தார்.

2025-ல் ஐக்கிய அரபு நாட்டின் அல் அய்ன் நகரத்தில் பெண்கள் ஆசியக் கோப்பைப் போட்டி நடந்தது. செவாங் சுஸ்கித் தலைமையில் போன இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கத்துடன் திரும்பினார்கள்.

ஒன்பதே வருஷம்! எல்லா ஆட்டத்திலும் தோற்றவர்கள் பதக்கம் வாங்கி விட்டார்கள்.

கனடாவில் எப்படி வளர்க்கிறார்கள்?

இந்த ஆட்டத்தில் முதலிடம் பெற்ற நாடு கனடா. அங்கே கியூபெக் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே மக்கள் பேசுவது பிரெஞ்சு. புதுச்சேரித் தெருப் பெயர்ப் பலகைகளில் இன்றும் காணப்படும் அதே பிரெஞ்சு மொழி!

கியூபெக்கின் பெரிய நகரம் மான்ட்ரியல். 1875 மார்ச் 3-ந் தேதி அந்த நகரத்தில்தான் ஐஸ் ஹாக்கி முதல் முதலாகக் கட்டடத்துக்குள், விதிமுறைகளோடு ஆடப்பட்டது. சர்வதேச சம்மேளனம் 1908-ல் ஏற்பட்டது பாரிஸ் நகரத்தில். அதன் முதல் தலைவர் லூயி மாக்னுஸ் என்ற பிரெஞ்சுக்காரர்.

கியூபெக்கில் 1969-ல் இளைஞர் லீக் ஒன்றை ஆரம்பித்தார்கள். 16 வயது முதல் 20 வயது வரை உள்ளவர்கள் அதில் ஆடுகிறார்கள். பக்கத்து மாகாணங்களையும் சேர்த்து இப்போது 18 கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டியும் ஒரு பருவத்தில் 60-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடும்.

இதில் சேருவது சுலபம் அல்ல. ஊர் ஊராகப் போய்த் திறமையுள்ள பையன்களைப் பார்த்து வைத்திருப்பார்கள். கோஷ்டிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பையன் பல சமயம் வீட்டை விட்டுப் போக வேண்டும். கோஷ்டி இருக்கும் ஊரில் ஒரு குடும்பம் அவனை வைத்துக் காப்பாற்றும். சோறு போடும். பள்ளிக்கு அனுப்பும். 16 வயதில் தாய் தகப்பனைப் பிரிந்து இன்னொரு வீட்டில் பிள்ளையாக வளர வேண்டும்.

இப்படி வளர்ந்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர்கள் உண்டு. மாரியோ லெமியூ என்ற வாலிபர் 1983-84 பருவத்தில் 70 ஆட்டங்களில் 133 கோல் போட்டார். சிட்னி கிராஸ்பி 16 வயதில் ரிமூஸ்கி ஊர்க் கோஷ்டியில் சேர்ந்தார். 2010 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோல் அவர் போட்டதுதான்.

இந்த லீகில் ஒரு பெண்ணும் ஆடியிருக்கிறார்! அவர் பெயர் மனோன் ரேயோம். 1991-ல் 19 வயதில் ஆண்கள் கோஷ்டிக்குக் கோல் கீப்பராக இறங்கினார். அந்த லீகில் ஆடிய முதல் பெண் அவரே.

அங்கும் குறைகள் உண்டு. ஆட்டத்தின் நடுவே கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குத்துச்சண்டை போடுவது வெகு காலமாக நடந்து வந்தது. வளரும் பிள்ளைகளின் தலையில் குத்து விழுவதை இனியும் பார்த்துக் கொண்டிருப்பதா என்று கேள்வி எழுந்தது. 2023-ல் அந்த லீக் சண்டைக்குத் தடை போட்டது. சண்டை போட்டால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றுகிறார்கள்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லடாக் கிராமத்தில் ஒரு பெண். வயது 14. ஐஸ் நன்றாக இருப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. ஆக, இரண்டு மாதம். அவளுக்கு 20 வயது ஆவதற்குள் ஆறு குளிர்காலம் வரும். ஆறு தரம் இரண்டு, பன்னிரண்டு. ஆறு வருஷத்தில் அவள் ஐஸ் மேல் நிற்பது 12 மாதம்.

கியூபெக்கில் அதே வயதுப் பையன். அங்கே மைதானத்துக்குக் கூரை உண்டு. ஐஸ் உண்டாக்கும் இயந்திரம் உண்டு. வருஷத்தில் சுமார் ஏழு மாதம் ஆட்டம். ஆறு தரம் ஏழு, நாற்பத்திரண்டு. அவனுக்கு 42 மாதம்.

இவளுக்கு 12. அவனுக்கு 42!

திறமையில் குறைவு இல்லை. தைரியத்தில் குறைவு இல்லை. நாளில்தான் குறைவு.

அந்த இரண்டு மாதமும் முழுசாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மத்தியானம் வெயில் ஏறினால் மேலே உள்ள ஐஸ் இளகும். அப்போது தகடு அழுந்தும், வட்டு நிற்கும். ஒரு வருஷம் குளிர் தாமதமாக வந்தால் ஆரம்பமே தள்ளிப் போகும்.

பூமி வரவரச் சூடாகிறது. இமயமலையில் பனிப்பாறைகள் சுருங்குகின்றன. குளத்து ஐஸை நம்பி விளையாடும் பிள்ளைகளுக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி.

லடாக்கில் லீக் போட்டியே இல்லையா? இருக்கிறது. 2024 ஜனவரியில் லேயில் ஒரு லீக் ஆரம்பமாயிற்று. சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யும் ராயல் என்ஃபீல்டு கம்பெனி அதற்கு ஆதரவு தந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி. மத்திய அரசாங்கத்தின் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளிலும் ஐஸ் ஹாக்கி லேயில் நடக்கிறது.

ஆனால் ஏழு மாத லீகை வெட்டவெளிக் குளத்தில் நடத்த முடியாது. பணம் இருந்தாலும் முடியாது. ஐஸ் இருக்காது!

ஐஸ் பேக்டரி சூத்திரம்

இதற்கு வழி என்ன?

கூரை போட்ட ஐஸ் மைதானம்தான் வழி. அது பெரிய மாயம் அல்ல. மீனுக்கு ஐஸ் செய்யும் பேக்டரியைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாக விளங்கும்.

ஐஸ் பேக்டரியில் ஒரு தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். நல்ல தண்ணீர் உறையும் குளிரில் உப்புத் தண்ணீர் உறையாது. அதனால் அதை மேலும் குளிர வைக்கலாம். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இறக்குவார்கள். பெட்டித் தண்ணீர் கட்டியாகி விடும்.

ஐஸ் மைதானத்திலும் அதே சூத்திரம்தான். தரைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குழாய் பதித்திருப்பார்கள். குளிர்ந்த உப்புத் தண்ணீர் அதில் ஓடும். தரையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் ஐஸ் படிந்தால் போதும், மைதானம் தயார். வெளியே கொளுத்தும் கோடையாக இருந்தாலும் உள்ளே ஹாக்கி ஆடலாம். அபுதாபியில் ஆடியது இப்படித்தான்.

இந்தியாவிலும் ஒன்று கட்டினார்கள். 2011 தெற்கு ஆசியக் குளிர்காலப் போட்டிக்காக டேராடூன் நகரத்தில் எழுந்தது ஹிமாத்ரி ஐஸ் மைதானம். போட்டி முடிந்தது. மைதானத்தை நடத்தச் செலவு அதிகம். கதவைப் பூட்டி விட்டார்கள். பல வருஷம் அது மூடியே கிடந்தது. அந்தக் காலத்தில் நம் கோஷ்டி வெளிநாட்டுப் போட்டிக்குப் போக வேண்டுமானால், பயிற்சிக்கே வெளிநாடு போக வேண்டியிருந்தது!

செப்பனிட்டு 2025-ல் அதை மறுபடி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் மூடிக் கிடந்த காலத்தில் 14 வயதாக இருந்தவர்களுக்கு அந்த வயது திரும்பி வரப் போவதில்லை. மைதானத்தைச் செப்பனிடலாம். வயதைச் செப்பனிட முடியாது.

வேலையும் கிடைக்கிறது

"இதை ஆடி என்ன பிரயோஜனம்?" என்று தாய் தகப்பன் கேட்பது உண்டு. லடாக்கிலும் கேட்டார்கள்.

பதில் கிடைத்திருக்கிறது. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஐஸ் ஹாக்கிக்குப் பெண்கள் கோஷ்டி வைத்திருக்கிறது. நன்றாக ஆடிய லடாக் பெண்களை அதில் வேலைக்கு எடுத்தார்கள். மாதச் சம்பளம்; சீருடை; மரியாதை. அந்தக் கோஷ்டி கேலோ இந்தியா போட்டியில் தங்கப் பதக்கமும் வென்றது.

ஆடிப் பெயர் வாங்கிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்தார்கள். குளிர்காலத்தில் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். தங்களுக்குக் கிடைக்காத குருவாகத் தாங்களே ஆகி விட்டார்கள்!

தமிழ்ப் பிள்ளைகளுக்கு?

ஐஸ் இல்லாத நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா? உண்டு. அதற்குச் சக்கரம் வழி காட்டுகிறது.

பூட்ஸுக்கு அடியில் வரிசையாகச் சக்கரம் பூட்டி ஓடுவதும், தகடு பூட்டி ஐஸில் ஓடுவதும் அண்ணன் தம்பி மாதிரி. உடம்பைச் சாய்ப்பது, காலை வீசுவது, வளைவில் திரும்புவது எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. சிமெண்டுத் தரை இருந்தால் சக்கரத்தில் வருஷம் முழுவதும் பழகலாம்.

சென்னை வாலிபர் ஆனந்த்குமார் வேல்குமார் அப்படிப் பழகியவர். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த சக்கரச் சறுக்கு உலகப் போட்டியில் 1,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே ஆண்டு ஜனவரியில் லேயில் நடந்த ஐஸ் சறுக்கு ஓட்டங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஐஸைக் கண்ணால் காணாத ஊரிலிருந்து போய் ஐஸ் பிறந்த ஊரில் வென்றார்கள்!

ஆக, ஐஸ் இருக்கும் ஊர்தான் ஜெயிக்கும் என்று எழுதி வைத்திருக்கவில்லை. பழகுவதற்கு நாள் கிடைத்தால் யாரும் ஜெயிக்கலாம்.

லடாக் பிள்ளைகள் கேட்பதும் அந்த நாளைத்தான். கூரையும் குழாயும் கொடுத்தால் இரண்டு மாதம் ஏழு மாதம் ஆகும். அது வரும் வரை அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். டிசம்பர் பிறந்ததும் இரவில் எழுந்து மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். விடிந்ததும் மட்டையோடு இறங்குவார்கள்.

ஆறு குளிர்காலத்தில் ஒன்றைக்கூட வீணாக்க அவர்களுக்கு மனம் வராது.